ஆடி அமாவாசையில் ஓடிய தறிகள்

காலையில் பால் வாங்கப் போன இடத்தில் கமலவேணியை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் அவள் தலை தெரிந்தால் போதும், குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, அதைப் பேப்பரில் போடு என்று நாலு பேராவது வழிமறித்துக்கொள்வார்கள். 'தினச்சாளரம்' நாளிதழின் காஞ்சிபுரம் நிருபர் என்றால் சும்மாவா? அன்றைக்கு என்னவோ டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் டம்ளருக்குள் எதையோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். எதிர்வீட்டுப் பூவம்மாள்தான் நேரே வந்து நின்றாள். சாயப்பட்டறையில் வேலை செய்து விரலெல்லாம் சிவந்து போன பொம்பளை. மனசில் ஒன்று வைத்துக்கொண்டு வாயால் வேறு பேசத் தெரியாது.

"ஏம்மா கமலா, நீயே இப்படி எழுதலாமா? வேற எவனாச்சும் எழுதினா ஊர் தெரியாதவன்னு விட்டுடலாம்."

"இன்னாக்கா எழுதினேன்?"

பூவம்மாள் கையிலிருந்த பேப்பரை அவள் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: 'மோட்டார் தறியும் கைத்தறியே! காஞ்சி நெசவாளர்கள் கண்ணீர் மல்கக் கோரிக்கை.' பக்கத்தில் ஒரு படம். கீழே, 'கமலவேணி, காஞ்சிபுரம்.'

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே ஓடவில்லை. இந்தச் செய்தியை அவள் எழுதவில்லை. அனுப்பவில்லை. இப்படி ஒன்று இருக்கிறதென்றே இந்த நிமிஷம் வரை தெரியாது. வேறு எவனோ எழுதிய சரக்குக்கு அவள் பெயரை ஒட்டி, ஊர் பூராவும் விற்றிருக்கிறார்கள். படிக்கப் படிக்கக் காது மடல் சுட்டது.

'ஆடி அமாவாசையன்று பிள்ளையார்பாளையத் தெருக்களில் தறிகளின் இன்னோசை காதுக்கு விருந்தாக ஒலித்துக்கொண்டிருந்தது. மோட்டார் பொருத்திய புதுத் தறிகளில் மலர்ந்த முகத்துடன் நெய்துகொண்டிருந்த பெண் நெசவாளர்கள், ஆய்வுக்கு வந்த அரசுக் குழுவினரைக் கண்டதும் ஓடி வந்து, இதையும் கைத்தறி என்று அறிவியுங்கள் என்று வேண்டினர்.'

கேட்டீர்களா அநியாயத்தை? ஆடி அமாவாசையன்று தறி ஓசையாம்! இந்த ஊர்ப் பூனைக்குக்கூடத் தெரியும், அமாவாசையன்று எவனும் தறியில் காலை வைக்க மாட்டான் என்று. தறியைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் காட்டி, மேலே ஒரு வேட்டியைப் போர்த்தினால் மறுநாள் காலைவரை அது தெய்வம், தொடக் கூடாது. அதிலும் ஆடி அமாவாசை என்றால் ஆண்கள் அத்தனை பேரும் சர்வதீர்த்தக் குளத்தில் தர்ப்பணத்துக்கு நிற்பார்கள். அன்றைக்கு கமலவேணியே லீவு போட்டு வீட்டில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். வருஷம் முழுக்கத் தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்த தெரு அது. அமாவாசையன்று மட்டும் காக்கா கத்துவது துல்லியமாகக் கேட்கும். சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து இதைத் தட்டிய மகராசனுக்கு இந்த விவரமெல்லாம் யார் சொல்வார்கள்? பொய் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னோசை, விருந்து என்று தாளிதம் வேறு போட்டிருக்கிறான்.

"சத்தியமா நான் எழுதலக்கா."

"உன் பேரு போட்டிருக்குதேம்மா," என்றாள் பூவம்மாள். பேப்பரை மடித்துக் கமலவேணியின் பால் தூக்கின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். கைத்தறி என்று எதைச் சொல்லலாம் என்று முடிவு செய்ய அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. கையாலும் காலாலும் நெய்தால்தான் கைத்தறி என்பது இதுவரை இருந்த கணக்கு. கைத்தறி முத்திரை அந்தப் புடவைக்குத்தான். மோட்டார் பொருத்தினாலும் அது கைத்தறிதான் என்று ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டால், கொட்டகை கட்டி சுவிட்சு போட்டு நெய்கிற புடவைக்கெல்லாம் அதே முத்திரை விழுந்துவிடும். அப்புறம் குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டு நாள்கணக்கில் ஒரு புடவை நெய்கிறவன் எங்கே போவான்? இந்த ஒரு வரிக்காகவே 'பட்டுத் தொழில் முன்னேற்ற மன்றம்' என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. தறி மோட்டார் விற்கிறவர்களும் பெரிய கொட்டகைக்காரர்களும் பட்டுக்கடைக்காரர்களும் சேர்ந்து வைத்த கடை. அதற்கு ஆலோசகர் ராஜகோபால். ஒரு காலத்தில் அரசாங்கக் கைத்தறித் துறையில் பெரிய நாற்காலியில் இருந்தவர். கோட்டையில் எந்தக் கதவை எந்த நேரத்தில் எப்படித் தட்டினால் திறக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மன்றத்தில் நெசவாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்களானால், பெயருக்குக்கூட ஒருவர் கிடையாது.

வீட்டில் லோகேஸ்வரன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே செய்தியைப் படித்தான். கமலவேணியின் புருஷன் அதிகம் பேசுகிறவன் அல்ல. படித்துவிட்டுப் பேப்பரை ஓரமாக வைத்தான்.

"கால் வலிக்குதுன்னு எவனாச்சும் மோட்டார் போட்டுக்கினா எனக்கு இன்னா வந்துது? போட்டுக்கட்டும். மோட்டார்ல நெய்ஞ்சதைக் கையில நெய்ஞ்சதுன்னு விக்கிறான் பாரு, அது திருட்டு. அந்தத் திருட்டுக்கு எம்பொண்டாட்டி பேரா கெடச்சுது?"

கமலவேணி போனை எடுத்தாள். தினச்சாளரத்தின் செய்தி ஆசிரியர் சீனிவாசன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்ல செய்தியைக் கண்டால் இன்றைக்கும் கண் மின்னும். ஆனால் முதலாளி இருமினால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

"சார், என் பேர்ல வந்த செய்தியை யார் எழுதினது?"

"அதுவாம்மா... விளம்பரப் பிரிவிலிருந்து வந்த குறிப்பு. காஞ்சிபுரம் செய்தியாச்சே, டெஸ்க்ல உன் பேரைப் போட்டுட்டாங்க."

"விளம்பரம்னா விளம்பரம்னு போட வேண்டியதுதானே சார்? என் பேர் எதுக்கு?"

எதிர்முனையில் பெருமூச்சு. "ஆவணி பிறந்தா கல்யாண சீசன். மன்றத்துல இருக்கற கடைங்கதான் நமக்கு முழுப்பக்கம் முழுப்பக்கமா குடுக்கறாங்க. புரிஞ்சுக்கம்மா. வேணும்னா ஒரு சின்னத் திருத்தம், எட்டாம் பக்கத்துல..."

"பொய் முதல் பக்கத்துல, திருத்தம் எட்டாம் பக்கத்துலயா?"

"இதைப் பெருசு பண்ணாதே, கமலவேணி."

அவள் போனை வைத்தாள். பதினைந்து வருஷமாக வெயிலிலும் மழையிலும் அலைந்து சேர்த்த பெயர். அந்தப் பெயர் மேலே இருந்தால் செய்தி நிஜமாக இருக்கும் என்று இந்தத் தெரு நம்பியது. அந்த நம்பிக்கையைத்தான் மன்றம் கடைக்குப் போய்க் கருவேப்பிலை வாங்குவதுபோல இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. அழவா, கத்தவா என்று தெரியாமல் அவள் பேப்பரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். வரிசையாக மோட்டார் தறிகள். முன்னால் பட்டுப்புடவை கட்டிய பெண்கள். கொட்டகையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீளமான ஏரிக்கரை, பனைமரங்கள், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கொண்டு, சைக்கிள் திருப்பவே இடமில்லாத பிள்ளையார்பாளையத்தில் ஏரி எங்கிருந்து வந்தது?

"இது தென்னேரிப்பா," என்றாள் கமலவேணி. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே, தென்னேரி ஏரிக்கரையில் நடவு வேலை முடித்த பெண்கள் மதகருகே கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கமலவேணி பேப்பரைக் காட்டியதும் ஒரே சிரிப்பு. "ஏய் அன்னம்மா, உன் படம் வந்துருக்குதுடி! பட்டுப் பொடவையில மவராணி மாதிரி கீற!" அன்னம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. தன் முகத்தைக் கண்டதும் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"வந்துடுச்சா? விளம்பரத்துக்குப் படம் புடிக்கறோம்னுதாம்மா சொன்னாங்க."

"தறி ஓட்டத் தெரியுமா அக்கா உங்களுக்கு?"

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து சேத்து வேலைதான். தறிக்கு எங்க போவேன்? அவங்களே சுவிட்சைப் போட்டாங்க, அது பாட்டுக்கு ஓடிக்கினு கெடந்துச்சு. கிட்ட உக்காந்தா போதும்னாங்க. மொதல்ல சிரிக்கச் சொன்னாங்க. அப்பறமா கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா கார்ல வந்தாங்க. அவங்க வந்தா அழுவச் சொன்னாங்க."

"அழுதீங்களா?"

"வெங்காயம் குடுத்தாங்கம்மா," என்றாள் அன்னம்மாள். சுற்றி நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். "பொடவையக் கூட சாயங்காலமே உருவிக்கினு போய்ட்டாங்க. பிரியாணிப் பொட்டலத்தோட சரி."

"அந்தப் பெரியம்மாகிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் எங்க பேசினேன்? கூட வந்த ஆபீசரு மாதிரி ஒரு அய்யாதான் எங்க பேர்ல எல்லாத்தையும் பேசினாரு."

கமலவேணி செய்தியைப் படித்துக் காட்டினாள். காஞ்சிபுரத்து நெசவாளிகள் கும்பிட்டுக் கேட்டார்கள் என்ற இடம் வந்ததும் அன்னம்மாளின் சிரிப்பு நின்றது. சட்டத்தில் அந்த ஒரு வரி மாறினால் யார் பிழைப்பு போகும் என்று கமலவேணி சொன்னபோது அவள் முகம் கறுத்துவிட்டது.

"இன்னொருத்தன் சோத்துல மண்ணைப் போடறதுக்கா என்னைச் சிங்காரிச்சு உக்கார வச்சாங்க? என் வாய்ல வராத பேச்சை என் பேச்சுன்னு எழுதிக்கினாங்களா?"

"இதை அப்படியே போடறேன் அக்கா. உங்க பேர் போட்டு, படம் போட்டு. சம்மதமா?"

கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கு வாளியை எடுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள். படம் பிடித்த கொட்டகை அர்ஜுனன் என்பவருடையது. ஊரில் பாதி நிலம் அவருடையது. அன்னம்மாள் நடவு நடுவதும் அவர் கழனியில்தான், அவள் மகன் வேலை பார்ப்பதும் அவர் ரைஸ்மில்லில்தான். அவள் மட்டும் நகரவில்லை.

"போடு. ஆனா ஒண்ணு. எம்பேரு போட்டா உம்பேரும் பக்கத்துலயே இருக்கணும். நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா நான் மட்டும் தனியா நிக்கக் கூடாது. மாட்டினா ரெண்டு பேருமா மாட்டிக்கலாம்."

"இருக்கும் அக்கா," என்று கமலவேணி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். ஈரம் காயாத கை.

அன்று மத்தியானமே எழுதி, புதுப் படத்தோடு அனுப்பிவிட்டாள். சென்னையிலிருந்து சத்தமே இல்லை. சத்தம் வேறு பக்கமிருந்து வந்தது. ராஜகோபால் தானே பேசினார். குரலில் வெண்ணெய் வழிந்தது.

"தென்னேரி வரைக்கும் போயிட்டு வந்தீங்களாமே? வெயில்ல ஏம்மா அலையறீங்க? உங்க வீட்டுக்காரர் பாவம், இந்த வயசுலயும் காலை உதைச்சுக்கிட்டு. மன்றத்து சார்புல முதல் மோட்டார் தறி உங்க வீட்டுக்குத்தான்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்."

"அமாவாசைக்கும் ஓடற தறியா சார்?" என்று கேட்டாள் கமலவேணி. அவருக்கு அது விளங்கவில்லை. அமாவாசையா, அதற்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டார். இத்தனை வருஷம் நெசவாளர்கள் தலையெழுத்தை ஃபைலில் எழுதியவர்! ஊர் காலியாக இருக்கும், குழுவைத் தென்னேரிக்குக் கூட்டிப்போவதை எவனும் பார்க்க மாட்டான் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு நாள் குறித்தாரே தவிர, ஊர் ஏன் காலியாக இருக்கும் என்று அவர் விசாரித்திருக்கவில்லை.

மறுநாள் கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கில் இரு தரப்பையும் கேட்கக் குழு கூடியது. நடுவில் தலைவி, அந்தக் கண்ணாடி போட்ட பெரியம்மா. வேறு மாவட்டத்துக்காரர், இந்தப் பக்கத்துக்குப் புதிது. கடைசி வரிசையில் பூவம்மாளும் லோகேஸ்வரனும் தெருக்காரர்களும். கமலவேணி பத்திரிகைக்காரர்களுக்குப் போட்ட நாற்காலியில் இருந்தாள். பின்னாலிருந்து வந்த பார்வை அத்தனையும் அவள் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது.

நெசவாளர்கள் சொன்னதையெல்லாம் ராஜகோபால் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பத்திரமாகப் பையிலிருந்து எடுத்தார் பாருங்கள், தினச்சாளரம்! "அம்மா, இவர்கள் சங்கத்து ஆட்கள். உண்மையில் உழைக்கும் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று நீங்களே நேரில் பார்த்தீர்கள். நான் சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளையார்பாளையத்திலேயே குடியிருக்கிற, நெசவாளர் குடும்பத்து நிருபர் எழுதியிருக்கிறார். பெயரோடு வந்திருக்கிறது."

அப்போதுதான் கமலவேணிக்குப் பொறி தட்டியது. டெஸ்க்கில் யாரோ தவறிப் போட்ட பெயர் இல்லை இது. கேட்டு வாங்கிய பெயர். அவள் பெயர்தான் அவர்களுக்குச் சாட்சி. அதற்காகத்தான் செய்தியே.

கூட்டத்தில் நிருபர்கள் பேசக் கூடாது. அது எழுதாத சட்டம். பார்க்கலாம், கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கமலவேணி எழுந்து நின்றாள்.

"அம்மா, அந்த நிருபர் நான்தான். அந்தச் செய்தி நான் எழுதலை. அமாவாசைக்கு எங்க ஊர்ல தறி ஓடாது. அன்னிக்கு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனது பிள்ளையார்பாளையமே இல்லை. ஷட்டருக்கு வெளியில ஏரி தெரிஞ்சுதே, அது தென்னேரி."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். திரை போட்ட கார், வரவேற்பு, இளநீர், எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அதிகாரி அதிகாரிதான்.

"அச்சில் வந்ததைப் பத்திரிகை சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்ள முடியும். தவறென்றால் உங்கள் பத்திரிகை சொல்லட்டும். நாளைக் காலை மறுபடி கூடுகிறோம். அதற்குள் மறுப்பு வராவிட்டால் இந்தச் செய்தி சான்றாகக் கோப்பில் சேரும்."

வெளியே தாழ்வாரத்தில் மற்றப் பத்திரிகைக்காரர்கள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். கமலவேணி ஒதுங்கி நின்று சீனிவாசனைக் கூப்பிட்டாள்.

"சார், இங்க எல்லாப் பேப்பர்காரங்களும் நிக்கறாங்க. தினச்சாளரம் போட்டது பொய்னு அதோட நிருபரே சொன்னாங்கன்னு நாளைக்கு ஊர் பூரா வரப் போகுது. மத்தவங்க நம்மளைப் பத்தி எழுதறதா, நாமே உண்மையை எழுதறதா? என் மேட்டர் உங்க மேசையிலதான் கிடக்குது."

முதலாளியின் இருமலும் சொந்த மானமும் சீனிவாசனுக்குள் மல்லுக்கு நின்றிருக்கும். கடைசியில் "முதல் பக்கத்துல போடறேம்மா," என்றார். வருஷக்கணக்கில் கேட்காத பழைய சீனிவாசனின் குரல் அது.

மறுநாள் விடிந்தபோது டீக்கடைப் பலகையில் தினச்சாளரத்தின் போஸ்டர் தொங்கியது: 'காஞ்சியில் போலித் தறி நாடகம்! அம்பலம்!' கடைக்காரர் அவளைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டார். பூவம்மாள் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கமலவேணி பேப்பரை விரித்தாள். வரிக்கு வரி அவள் எழுதியது. அன்னம்மாளின் படம், பெரிதாக. அன்னம்மாள் சொன்னது அப்படியே, வெங்காயம்கூட விடாமல். அமாவாசைச் செய்தி விளம்பரதாரர் தந்த குறிப்பு என்றும் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். எல்லாம் சரி. தலைப்புக்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'நமது நிருபர்.'

எப்படி இருக்கிறது கதை? பொய்க்கு அவள் பெயர். உண்மைக்கு அநாமதேயம்.

"உன் பாதுகாப்புக்குத்தாம்மா," என்றார் சீனிவாசன் போனில். "முதலாளி ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்."

"பொய்யைப் போட்டப்போ என் பாதுகாப்பு எங்க சார் போச்சு?"

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் கமலவேணி கோபத்தை விழுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டம் நன்றாகவே முடிந்தது, குறை சொல்லக் கூடாது. தலைவி தினச்சாளரத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அமாவாசைப் பயணம் செல்லாது என்று அறிவித்தார். தறி ஓடுகிற நாளில், ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே வருவதாகச் சொன்னார். அதுவரை குழுவைத் தனியறையில் யாரும் பார்க்க முடியாது, பேச வருகிறவர் யாராக இருந்தாலும் யாருக்காகப் பேசுகிறோம் என்று இந்த அரங்கில், பத்திரிகைக்காரர்கள் முன்னால், வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். ராஜகோபால் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக நழுவினார். நியாயம் முழுசாக வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மாற்றலாமா என்ற கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை இனிமேல் இருட்டில் மாற்ற முடியாது. பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. லோகேஸ்வரன் கூடச் சிரித்தான்.

படியிறங்கும்போது கமலவேணியின் போன் அடித்தது. அன்னம்மாள்.

"அம்மா, பேப்பரு வந்துச்சு. அர்ஜுனன் டீக்கடையில உக்காந்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டறாரு. எம்பேரு, என் படம், எல்லாம் இருக்குது. உம்பேரு இல்லையாமே? எழுதினவ பயந்துக்கினு ஒளிஞ்சுக்கினா, நீதான் இளிச்சவாய்ன்னு சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தி, கோபமே இல்லாமல் கேட்டாள். "பயந்துட்டியாம்மா?"

ஊரே முகம் திருப்பியபோது இவ்வளவு வலிக்கவில்லை. கமலவேணியால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "அங்கயே இருங்க அக்கா," என்று மட்டும் சொன்னாள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை விலக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

தென்னேரி டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். நடுவில் அர்ஜுனன், காலை ஆட்டிக்கொண்டு. அன்னம்மாள் தெருவுக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். பக்கத்தில் ஒருத்தி கூட இல்லை. கடை வாசல் கயிற்றில் தினச்சாளரம் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

கமலவேணி வண்டியை நிறுத்தி, நேரே போய் அந்தப் பேப்பரை உருவினாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, அர்ஜுனன் கண் எதிரிலேயே, 'நமது நிருபர்' என்பதை அடித்தாள். அதற்கு மேலே, அன்னம்மாளின் படத்தை ஒட்டினாற்போல் எழுதினாள்: 'கமலவேணி, பிள்ளையார்பாளையம்.' பேப்பரைக் கயிற்றிலேயே திரும்ப மாட்டினாள்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் அர்ஜுனன்.

"எழுதினது நான்தான். ஆபீஸ்ல பயந்துக்கினு என் பேரை எடுத்துட்டாங்க. எனக்குப் பயம் இல்ல. இந்த அக்காவை எதுனா கேக்கணும்னா என்னையும் சேத்துக் கேளுங்க. அதையும் எழுதுவேன், என் பேர் போட்டு."

அர்ஜுனன் வாயைத் திறந்தார். பெஞ்சிலிருந்தவர்கள் அவரைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டார். கமலவேணியின் பைக்குள் போன் அடித்தது. சீனிவாசன். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்னம்மாள் தெருவைத் தாண்டி வந்தாள். கயிற்றில் திரும்பத் தொங்கிய பேப்பருக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். "க-ம-ல-வே-ணி. பிள்-ளை-யார்-பா-ளை-யம்." முடித்துவிட்டு, அர்ஜுனன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் அடுத்த முனையைப் புடவைத் தலைப்பால் தட்டி, அங்கே உட்கார்ந்தாள். கமலவேணிக்கும் இடம் விட்டாள்.

"வேல்முருகா," என்று கடைக்காரரைக் கூப்பிட்டாள். "எங்களுக்கு ரெண்டு டீ போடுப்பா."